மகனுக்கு மீசை முளைத்த பிறகு

ஆட்டிசம் என்றதும் பலர் மனத்தில் ஒரு சின்னப் பிள்ளைதான் வந்து நிற்கிறது. அந்தப் பிள்ளைக்கும் மீசை முளைக்கும். என் மகனுக்கு இப்போது 20 வயது.

செண்டாயான் பக்கம் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் நகரம் எழுந்திருக்கிறது. லயத்தில் இருந்தவரை, அவன் எங்கே ஓடினாலும் யாராவது ஓர் அத்தை கையைப் பிடித்து அழைத்து வந்து விடுவார். தாமான் வீட்டில் பக்கத்து வரிசைக்காரருக்கே அவனைத் தெரியாது. ஆறு வயதில் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டபோது சிரித்தார்கள். இப்போது பயந்து விலகுகிறார்கள்.

அதனால் கட்டிப்பிடிப்பதற்குப் பதில் வணக்கம் சொல்லப் பழக்கினோம். கதவைச் சாத்தி உடை மாற்றுவது, முகம் மழிப்பது எல்லாவற்றையும் படங்களாக வரைந்து குளியலறையில் ஒட்டினோம். மழிக்கக் கற்க எட்டு மாதமாயிற்று.

அரசாங்க இடைநிலைப்பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பு பெரும்பாலும் 19 வயதோடு முடிகிறது. அதற்குள் சமூக நல இலாகாவில் ஓகேயு அட்டை எடுத்துவிடுங்கள். ஆட்டிசம் அங்கே கற்றல் குறைபாட்டுப் பிரிவில் பதிவாகும். அருகிலுள்ள பிடிகே மையத்தையும் விசாரியுங்கள். 2008-இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. அரசாங்க வேலைகளில் 1 விழுக்காடு அவர்களுக்கு என்ற கொள்கையும் இருக்கிறது. ஆனால் வேலை கிடைப்பது இன்னும் தெரிந்தவர் தயவில்தான்.

ஒரு கடையில் மூன்று நாள் வைத்துப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒரு நாற்றுப்பண்ணையில் பைகளில் மண் நிரப்புகிறான். எல்லாப் பையும் ஒரே அளவு. முதலாளி எண்ணிப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

எங்களுக்குப் பிறகு யார்? “தங்கச்சி இருக்கிறாளே” என்று உறவினர் சுலபமாகச் சொல்வார்கள். அவளிடம் அதை நாங்கள் கட்டளையாகச் சொன்னதில்லை. உயில் எழுதி, பணத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் அறங்காவலரையும் குறித்திருக்கிறோம். அவன் சாப்பிடுவது, பயப்படுவது, மருந்து எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது.

எங்கள் வரிசையில் இப்போது நான்கு வீட்டாருக்கு அவன் பெயர் தெரியும். இந்த ஆண்டுக்குள் பத்து வீடாக்க வேண்டும்.