கூகுளில் கிடைத்த வஞ்சிரம்... மெயிலில் வந்த பில்! - ராயபுரம் டிசைனர் கற்ற காப்பிரைட் பாடம்

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் என் பள்ளி நண்பன் டிடிபி கடை வைத்திருக்கிறான். கடை என்றால் பத்துக்கு எட்டு. ஒரு கம்ப்யூட்டர், ஒரு கலர் பிரின்டர், சுவர் முழுக்க சாம்பிள் பத்திரிகைகள். கல்யாண பேனர், கண்ணீர் அஞ்சலி, டிரான்ஸ்போர்ட் கம்பெனி பில் புக், மீன்கடை போர்டு என்று திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் அவனுக்கு வாடிக்கையாளர்கள் உண்டு.

போன வருடம் ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு போன் செய்தான். "ஒரு மெயில் அனுப்பிக்கிறேன், இன்னான்னு பாரு."

மெயில் வந்தது அவனுக்கு அல்ல. அவனிடம் லேபிள் போட்டுக்கொண்ட காசிமேட்டு மீன் வியாபாரிக்கு. பாக்கெட் மீனுக்குப் போட்ட அதே டிசைனை அவர் வெப்சைட்டிலும் ஏற்றியிருக்கிறார். 'அதில் உள்ள வஞ்சிரம் படம் எங்களுடையது. லைசென்ஸ் வாங்கவில்லை. இவ்வளவு கட்டுங்கள்' என்று ஒரு வெளிநாட்டு போட்டோ ஏஜென்சி எழுதியிருந்தது. லேபிளுக்கு நண்பன் வாங்கிய கூலி 1,500 ரூபாய். அவர்கள் கேட்டதோ, அவன் மூன்று மாதம் கடை திறந்து சம்பாதிப்பதைவிட அதிகம். வியாபாரி ஒரே வரியில் முடித்துவிட்டார். "நீதானப்பா டிசைன் பண்ணே... நீயே பாத்துக்க."

படத்தை எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். "வேற எங்க, கூகுள்லதான்!"

கை காட்டுபவர் சொந்தக்காரர் அல்ல

சிக்கலே இங்கேதான். கூகுள், மீன்பிடித் துறைமுகத்தில் எந்தப் படகில் என்ன மீன் வந்திருக்கிறது என்று கை காட்டும் ஆள் மாதிரி. மீன் படகுக்காரருடையது. ஒரு போட்டோவை எடுத்த நொடியிலேயே அதற்குக் காப்பிரைட் வந்துவிடுகிறது. பதிவு செய்திருக்க வேண்டும், வாட்டர்மார்க் இருக்க வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் இல்லை. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, படைத்தவரின் வாழ்நாளும் அதன் பிறகு 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தின் 63-வது பிரிவு சொல்கிறது.

"நான்தான் கலர் மாத்தி, பேக்ரவுண்ட் கட் பண்ணிட்டேனே" என்றான் நண்பன். முப்பது சதவிகிதம் மாற்றினால் நம்முடையது என்று டிசைன் வட்டாரத்தில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. சட்டத்தில் அப்படி ஒரு சதவிகிதமே கிடையாது. ஐடியாவுக்குக் காப்பிரைட் இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான் உண்டு என்று 1978-லேயே ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. மீன் லேபிளில் மீனைப் போடும் ஐடியா யாருக்கும் சொந்தமில்லை. அந்தக் குறிப்பிட்ட வஞ்சிரம் படம் ஒருவருக்குச் சொந்தம்.

இப்படி மெயில் வந்தால் பதறிப்போய் பணம் கட்டவும் கூடாது, ஸ்பாம் என்று அழிக்கவும் கூடாது. இந்தப் பெயரில் வைரஸ் லிங்க் அனுப்பும் மோசடிக் கும்பலும் இருப்பதால், முதலில் எதையும் கிளிக் செய்யாமல், அந்த ஏஜென்சியின் இணையதளத்துக்கு நேராகப் போய்ப் பார்ப்பது நல்லது. நண்பன் விஷயத்தில் மெயில் உண்மைதான். ஹைகோர்ட் பக்கம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் போனோம். அவர் சொன்னபடி படத்தை உடனே எடுத்துவிட்டு, உரிமைக்கு ஆதாரம் கேட்டு பதில் எழுதினோம். ஆதாரம் வந்தது. பேசிப் பேசி தொகை பாதிக்கும் கீழே இறங்க, வியாபாரியும் நண்பனும் பங்கு போட்டுக் கட்டினார்கள்.

'ஃப்ரீ' என்றால் எதற்கு ஃப்ரீ?

இலவசத் தளங்களிலும் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது. ஃப்ரீபிக்கில் பணம் கட்டாமல் எடுத்தால் படைத்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும். பாக்கெட் லேபிளில் அதை எங்கே போடுவது? கிரியேட்டிவ் காமன்ஸ் படங்களில் 'என்சி' என்று இருந்தால் வியாபாரத்துக்குப் பயன்படுத்த முடியாது. 'எடிட்டோரியல் யூஸ் ஒன்லி' என்றால் செய்திக்குச் சரி, விளம்பரத்துக்கு ஆகாது.

கேன்வா விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. அதில் உள்ள ரெடிமேட் படங்களை வைத்து லோகோ செய்யலாம். ஆனால், அதே படத்தை உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்க முடியும் என்பதால், அந்த லோகோவை டிரேட்மார்க்காகப் பதிவு செய்ய கேன்வாவின் விதிகள் அனுமதிப்பதில்லை. வாடிக்கையாளர் ரெண்டு வருடம் கழித்து கிண்டி டிரேட்மார்க் அலுவலகத்துக்குப் போகும்போது டிசைனரின் தலைதான் உருளும்.

அடுத்தது ஃபான்ட். பென் டிரைவில் கடைக்குக் கடை கைமாறும் தமிழ் ஃபான்ட்களில் பலவற்றுக்கு லைசென்ஸ் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதற்கு அவசியமே இல்லை என்பதுதான் வேடிக்கை. கூகுள் ஃபான்ட்ஸில் முக்த மலர், பாலூ தம்பி, ஹிந்த் மதுரை என்று வணிகத்துக்கும் இலவசமான தமிழ் எழுத்துருக்கள் கிடைக்கின்றன. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த ஓர் எழுத்துருவின் பெயர் கேட்டமரன். ஆமாம், நம்ம கட்டுமரம்தான்! காசிமேட்டு லேபிளுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும்? கிராக் செய்த சாஃப்ட்வேரும் இதே கதைதான். தெரிந்தே பயன்படுத்தினால் தனியாக 63-பி பிரிவு இருக்கிறது. இங்க்ஸ்கேப், கிம்ப் இரண்டும் முழுக்க இலவசம்.

நடிகர்களின் படம் இல்லாமல் வடசென்னையில் பேனரே இல்லை. ரசிகர் மன்றப் பிறந்தநாள் பேனருக்கு யாரும் கேஸ் போட்டு நான் கேள்விப்பட்டதில்லை. கடை விளம்பரத்தில் வைப்பது வேறு. 2015-ல் தன் பெயரைப் பயன்படுத்திய ஒரு இந்திப் படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். 2023 ஜனவரியில், தன் பெயர், படம், குரலை அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று வழக்கறிஞர் மூலம் பொது அறிவிப்பே வெளியிட்டார்.

உங்கள் டிசைன் யாருக்குச் சொந்தம்?

இதுவரை சொன்னது மற்றவர் உரிமை. நண்பன் தன் உரிமையைப் பற்றி யோசித்ததே இல்லை. சம்பளத்துக்கு வேலை செய்யும்போது வரையும் டிசைன் பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். ஃப்ரீலான்ஸராக வரையும் லோகோவோ, எழுதிக் கொடுக்காத வரை, பெரும்பாலும் வரைந்தவருக்கே சொந்தம். உரிமையை மாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்த இடம் என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. ரூபாய் சின்னமே நல்ல உதாரணம். அதை வடிவமைத்த நம்மூர் உதயகுமாருக்குப் பரிசு 2.5 லட்சம் ரூபாய். உரிமை அரசுக்கே என்பது போட்டி விதியிலேயே இருந்தது. 2010-ல் மத்திய அமைச்சரவை ஏற்ற பிறகு ஒவ்வொரு நோட்டிலும் அது இருக்கிறது. எல்லாம் முன்கூட்டியே எழுத்தில் இருந்ததால், பிற்பாடு பஞ்சாயத்துக்கு இடமில்லை.

நண்பனின் பில்லில் இப்போது அடியில் மூன்று வரி இருக்கிறது. படம் எங்கிருந்து எடுத்தது, எதற்குப் பயன்படுத்தலாம், முழுப் பணம் வந்த பிறகே உரிமை மாறும். "இதுக்கெல்லாமா கையெழுத்து?" என்று முறைத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு. போகட்டும் என்கிறான், கொஞ்சம் வருத்தத்தோடு.

அந்த லேபிளுக்குப் புதுப் படம் வேண்டுமே? போன மாதம் விடியற்காலை நான்கு மணிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு காசிமேடு போனான். ஐஸில் கிடந்த வஞ்சிரத்தை செல்போனில் இப்படியும் அப்படியுமாக நாற்பது படம் எடுத்திருப்பான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மீன்கார அக்கா கடைசியில் கேட்டேவிட்டார்.

"ஏம்பா... மீன வாங்கப் போறியா, இல்ல அதுக்கு ஆதார் கார்டு எடுக்கப் போறியா?"

அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்தோம்.