தோட்டத்துக் கேசட்டைக் கணினியில் ஏற்ற

ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது லயங்களைக் காலி செய்த குடும்பங்கள் பல, சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவின் புந்தோங்கிலும் வந்து தங்கின. கூடவே கேசட்டுகளும் வந்தன. திரைப்பாட்டுகள் இன்று எங்கும் கிடைக்கும். தோட்டத்துக் கோயில் திருவிழாவின் உறுமி மேளமும் கல்யாண வீட்டில் பாட்டி பாடிய பாட்டும் அந்த நாடாவைத் தவிர வேறெங்கும் இல்லை. பேராக்கின் ஈரக்காற்றில் அதில் பூஞ்சை படர்கிறது. அதைக் கணினியில் ஏற்றுவது தள்ளிப்போடக் கூடாத வேலை.

கணினி ஒலியலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. குறுந்தட்டில் நொடிக்கு 44,100 அளவுகள், ஒவ்வொன்றும் 16 பிட். 'ஹை-ரெஸ்' என்று விற்பவற்றில் பெரும்பாலும் 96,000 அளவுகள், 24 பிட். ஒரு நிமிட ஸ்டீரியோ ஒலிக்கு முன்னது ஏறத்தாழ 10 மெகாபைட் பிடிக்கும், பின்னது 35. எண் கூடக்கூட இனிமையும் கூடும் என்று நம்புகிறவர்கள் அதிகம். ஆனால் ஓர் ஒலியைப் பிடிக்க அதன் அதிர்வெண்ணைப்போல் இருமடங்குக்குச் சற்று மேல் அளந்தால் போதும். மனிதக் காதின் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற அதுவும் குறையும். வீட்டில் பதிந்த கேசட் அவ்வளவு உயரம் தொடுவதே அரிது. ஆகவே 48,000 தாராளம். 24 பிட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். உறுமி திடீரென ஓங்கினாலும் உச்சி வெட்டுப்படாதபடி ஒலியளவைத் தாழ்த்திப் பதியலாம். அப்போதும் மெல்லிய ஓசைகள் சிதையாது. பதியுமுன் பிளேயரின் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.

அடுத்து, எந்த வடிவத்தில் சேமிப்பது? வேவ் கோப்பு எண்களை அப்படியே வைக்கிறது. 2001இல் ஜோஷ் கோல்சன் வெளியிட்ட ஃபிளாக், முந்திய எண்களைக் கொண்டு அடுத்த எண்ணைக் கணிக்கிறது. கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதுகிறது. வித்தியாசம் சிறியது என்பதால் கோப்பு பல நேரம் பாதிக்கு அருகில் சுருங்குகிறது. விரித்தால் ஒரு பிட்கூடக் குறையாமல் பழைய எண்களே வரும். ஆப்பிளின் ஆலாக்கும் இதே இனம். இரண்டுக்கும் இடையே எத்தனை முறை மாற்றினாலும் நட்டமில்லை.

எம்பி3 வேறு இனம். உரத்த ஓசை ஒலிக்கும்போது அதன் அருகே காதுக்கு எட்டாமல் போவது எது என்று மதிப்பிட்டு, அதைக் கழித்துவிடுகிறது. அமிலம் ஊற்றி உறைந்த ரப்பர் மறுபடி பாலாகாது. எம்பி3யை ஃபிளாக்காக மாற்றுவதிலும் கோப்புதான் பெருக்கும், போன ஒலி வராது. ஆகவே மூலத்தை ஃபிளாக்கில் வையுங்கள். காருக்கும் கைப்பேசிக்கும் வேண்டிய எம்பி3யை ஒவ்வொரு முறையும் அந்த மூலத்திலிருந்தே எடுங்கள்.

குறுந்தட்டில் எழுதுவதற்காக 24 பிட்டிலிருந்து 16க்கு இறக்கும்போது மென்பொருளில் 'டிதர்' தெரிவை இயக்க வேண்டும். கடைசிப் பிட்டுகளை வெறுமனே வெட்டினால், பாட்டு தேய்ந்து அடங்கும் இடத்தில் கரகரப்பு எழும். டிதர் மிக மெல்லிய, சீரற்ற இரைச்சலைக் கலந்து அதைத் தவிர்க்கிறது.

ஃபிளாக் கோப்புக்குள் மூல ஒலிக்குரிய எம்டி5 சரிபார்ப்பு எண் ஒன்று பதிந்திருக்கும். தனித்தனி வட்டுகளில் இரண்டு பிரதி எடுத்து, ஆண்டுக்கொரு முறை ஃபிளாக் மென்பொருளின் சோதனையை ஓட்டுங்கள். ஒலியில் ஒரு பிட் மாறியிருந்தாலும் அது காட்டிக்கொடுக்கும். பழுதான கோப்பை மற்ற வட்டிலிருந்து மாற்றிக்கொள்ளலாம்.