கை அறுவை மருத்துவக் கல்வியில் கோட்டோவியம்: சாய்முக்கோண மடலை முன்வைத்து

பொங்கலூர் உள்ளிட்ட திருப்பூர் வட்டாரத்தில் விசைத்தறி, நூற்பாலை, பின்னலாடைத் தொழிலாளர்க்கு விரல்நுனியின் தொடுவுணர்வு இன்றியமையாதது. அறுந்த இழையைப் பற்றி முடிவதற்கும் துணியின் பிசிறை அறிவதற்கும் அதுவே துணை. எந்திரத்தில் விரல்நுனி துண்டிக்கப்படின், காயத்தை மூடினால் மட்டும் போதாது. உணர்வும் காக்கப்பட வேண்டும்.

இந்நோக்கில் தமிழகத்தில் உருவானதே ‘சாய்முக்கோண மடல்’ முறை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ஆர். வெங்கடசாமி, என். சுப்பிரமணியன் ஆகியோர் இதனை 1980இல் வெளியிட்டனர். சாய்வாக வெட்டுண்ட விரலில் சதை மிகுதியாக எஞ்சிய பக்கத்தில் முக்கோண வடிவில் தோல்மடலைப் பிரித்து, அப்பக்கத்து நரம்பும் தமனியும் அறுபடாதவாறு முன்னோக்கி நகர்த்திக் காயத்தை மூடுவதே இதன் செய்முறை.

இதனைக் கற்பிக்க ஒளிப்படம் மட்டும் போதாது. அது மேற்பரப்பையே காட்டும். குருதியும் வீக்கமும் உள்ளமைப்பை மறைத்துவிடும். கோட்டோவியமோ வேண்டாதவற்றை விலக்கி, தமனியைச் சிவப்பாகவும் நரம்பை மஞ்சளாகவும் வேறுபடுத்துகிறது. முதற்படத்தில் வெட்டுக்கோடு, அடுத்ததில் மடலின் அடியில் செல்லும் நரம்பும் தமனியும், மூன்றாவதில் நகர்த்திய மடலும் தையலும் என வரிசையாக அமைப்பின், எவ்விடத்தில் கத்தி ஆழமாகச் செல்லலாகாது என்பதை மாணவர் முன்னரே உணர்வர்.

எனினும் ஓவியம் பொதுவிரலையே காட்டுகிறது. எந்திரத்தில் நசுங்கிய விரல்களோ ஒன்றுபோல் இருப்பதில்லை. எனவே ஓவியத்தையும் அதே நிலையின் ஒளிப்படத்தையும் அருகருகே வைத்துக் கற்பித்தலே பயன் தரும். வரைந்த நரம்பின் பாதை பிழையாயின், அப்பிழை நோயாளியின் விரலில் உணர்விழப்பாக முடியக்கூடும். ஆதலின் வரைவோர் அறுவை அரங்கில் நேரில் கண்டு வரைவதும், அறுவை மருத்துவர் அதனைச் சரிபார்ப்பதும் கட்டாயமாகும்.