திரையில் மின்னும் எழுத்து போர்டிலும் மின்னுமா?

கடை போர்டுக்கு ஆர்டர் கொடுக்கையில் "நியான் எழுத்து மாதிரி ஜொலிக்கணும்" என்று நம்மில் பலர் கேட்கிறோம். உண்மையான நியான், கண்ணாடிக் குழாயில் வாயுவை அடைத்து மின்சாரம் பாய்ச்சுவது. 1910-ல் பாரிசில் ஜார்ஜ் கிளாட் காட்சிக்கு வைத்தது. கம்ப்யூட்டரில் செய்வது அதன் சாயல்தான். போட்டோஷாப்பில் கறுப்புப் பின்னணியில் எழுத்தை ஏறக்குறைய வெண்மையாக வைத்து, 'அவுட்டர் குளோ' மூலம் சுற்றிலும் சிவப்போ நீலமோ புகைபோலப் பரவ விடுவார்கள். வெள்ளைப் பின்னணி என்றால் அழுக்குப் படிந்தது போலிருக்கும்.

நாம் உஷாராக இருக்க வேண்டிய இடம் வேறு. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளில் அந்தப் பளீர்ப் பச்சையும் நீலமும் பிறக்காது, மங்கித்தான் வரும். மாதிரி பாராமல் மிளகாய் மூட்டைக்குப் பணம் கொடுப்போமா? போர்டுக்கு மட்டும் திரையைப் பார்த்தே தலையாட்டுகிறோம்! முதலில் சி.எம்.ஒய்.கே. நிறத்துக்கு மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஒரு சாண் அகலம் பிளெக்ஸிலேயே அச்சடித்து வாங்கி, வெயிலில் பிடித்துப் பாருங்கள்.

ஒளி அதிகமானால் நம் எழுத்துகளின் சுழி அடைத்துக்கொள்ளும், புள்ளியும் மறையும். கடைப் பெயரை எதிர்ச் சாரியில் நின்று படிக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே பாக்கிப் பணம் கொடுங்கள்.