‘மா’ என்றொரு சொல்



‘மா’ என்று சொன்னவுடன் உங்கள் மனதில் என்ன தோன்றுகிறது? கண்டியிலோ அக்குறணையிலோ மடவளையிலோ உள்ள ஒரு வீட்டில் கேட்டால் குசினிப் பக்கம்தான் கையைக் காட்டுவார்கள். இடியப்பத்துக்கு அரிசி மா, ரொட்டிக்குக் கோதுமை மா, தேநீருக்குப் பால்மா. தமிழ்நாட்டுச் சகோதரி ‘மாவு’ என்பார். நமக்கு ‘மா’ என்ற ஓரெழுத்தே போதும். இது கொச்சைத் தமிழ் அல்ல. அகராதியில் இடம் பெற்ற சொல்தான்.

தமிழில் ஓரெழுத்தே முழுச் சொல்லாக நிற்பது புதுமையல்ல. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் என்ற இலக்கணம் இத்தகைய சொற்கள் 42 என்று கணக்கிட்டுக் கூறுகிறது. அவற்றில் ஒன்றுதான் மா.

இதற்குத் தமிழில் எத்தனை பொருள்! மாமரம் ஒன்று. அதன் காயாகிய மாங்காய்தான் போர்த்துக்கேயர் வாயில் ‘மங்கா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘மேங்கோ’ ஆனது. விலங்கு என்பது இன்னொரு பொருள். குதிரை என்பது வேறொன்று. பழைய கணக்கில் ஒரு மா என்றால் இருபதில் ஒரு பங்கு. வேலி என்ற நில அளவையில் இருபதில் ஒன்றும் மாதான். மாநகரம், மாமனிதர் என்னும்போது பெருமையைக் குறிக்கிறது.

நம் அயலவரின் சிங்களத்திலும் மா உண்டு. அங்கே ‘என்னை’ என்பதும் மா. ‘பெரிய’ என்று பொருள்படும் ‘மஹ’ என்ற சொல்லும் குறுகி மா ஆகும். மஹ ஓயாவை மா ஓயா என்பதும் அப்படித்தான். பேராதனையையும் கட்டுகஸ்தோட்டையையும் தொட்டுக்கொண்டு ஓடும் நம் மகாவலியை நாமும் மாவலி கங்கை என்கிறோமே! பாளி நூல்களில் அதன் பெயர் மஹாவாலுகா. பெருமணல் ஆறு என்று பொருள். மதரஸாக்களில் பழகிய உர்தூவில் தாயை ‘மா(ன்)’ என்பார்கள். பார்ஸியில் ‘மா’ என்றால் ‘நாங்கள்’.

இனி அரபிக்கு வருவோம். நம் பாட்டிமார் படித்த அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழில், சமையலுக்குரிய மாவை மீமும் அலிபும் சேர்த்து எழுதுவார்கள். அல்குர்ஆனில் அடிக்கடி வரும் ‘மா’வுக்கும் அதே இரண்டு எழுத்துகள்தாம். உருவம் ஒன்று, உள்ளிருக்கும் பொருள் வேறு.

அரபியில் இந்த மா பல வேலைகளைச் செய்கிறது. பிள்ளைகளுக்கும் மனப்பாடமான ஸூராக்களையே பாருங்கள். ஸூரத்துல் காரிஆவில் அது ‘என்ன?’ என்று கேட்கும் கேள்வி. ஸூரத்துல் ளுஹாவில் அது மறுப்பு; உம் இறைவன் உம்மைக் கைவிடவில்லை என்று நபிகளாருக்கு (ஸல்) ஆறுதல் கூறும் இடம் அது. ஸூரத்துல் காபிரூனில் ‘எதை வணங்குகிறீர்களோ, அதை’ என்று பொருள்களைச் சுட்டுகிறது.

அபூலஹபின் முடிவைக் கூறும் ‘தப்பத்’ ஸூராவின் இரண்டாம் வசனம் இன்னும் வியப்பானது. சின்னஞ்சிறு வசனம், மா என்ற ஓசை மூன்று முறை வருகிறது. முதலாவது ‘பயன்படவில்லை’ என்ற மறுப்பு. மூன்றாவது ‘அவன் சம்பாதித்தது’ என்பதில் உள்ள ‘எது’. இடையில் வருவது தனிச்சொல்லே அல்ல. செல்வம் என்று பொருள்படும் ‘மால்’ என்ற சொல்லின் தலைப்பகுதி. காதால் மட்டும் கேட்டால் மூன்றும் ஒன்றாகவே தோன்றும்.

தண்ணீரைக் குறிக்கும் ‘மாஉ’ வேறு குடும்பம். கடைசியில் ஒரு ஹம்ஸா உண்டு. அது முன்பு ‘ஹ’வாக இருந்தது என்பார்கள் அரபு இலக்கண அறிஞர்கள். ‘மியாஹ்’ என்ற பன்மையில் அந்த ‘ஹ’ திரும்பி வந்து விடுவதே அதற்குச் சாட்சி.

இத்தனை மாக்களும் ஒரே வேரில் பிறந்தவையா? இல்லை. அரபியில் ‘என்ன’ என்னும் மாவுக்கு ஹீப்ரு மொழியில் உறவு உண்டு. சிங்கள ‘மஹ’வுக்கு உறவு சமஸ்கிருத ‘மஹா’. நம் மாமரமோ தமிழ் மண்ணில் முளைத்தது. உதடுகளை மூடித் திறந்தாலே ‘மா’ பிறந்து விடும். மழலைக்கும் அது எளிது. ஆகவே பல மொழிகள் தனித்தனியே இந்த ஓசையை எடுத்துக் கொண்டன. ஓசை ஒத்திருக்கிறது என்பதற்காக இந்த மொழி அந்த மொழியிலிருந்து வந்தது என்று முடிவு கட்டி விடாதீர்கள்.

இதெல்லாம் வெறும் சொல் விளையாட்டா? அல்ல. ஸூரத்துல் பகராவின் 102ஆம் வசனத்தைப் பாருங்கள். ஸுலைமான் (அலை) அவர்கள் நிராகரிக்கவில்லை என்று அங்கே கூறப்படுகிறது. அந்த ‘இல்லை’ என்பது ஒரு மாதான். ஒரு நபியின் மீது சுமத்தப்பட்ட பழியைத் துடைப்பது அந்த ஓரெழுத்து! அதே வசனத்தில் ஹாரூத், மாரூத் பற்றி வரும் இடத்தில் இன்னொரு மா உண்டு. கி.பி. 923இல் மறைந்த இமாம் தபரி, அதை ‘எது இறக்கப்பட்டதோ அது’ என்று கொண்டார். 1273இல் மறைந்த இமாம் குர்துபீயோ ‘இறக்கப்படவில்லை’ என்று கொண்டார். இருவரும் அரபியைக் கரைத்துக் குடித்தவர்கள். அவர்களே முன்பின் வார்த்தைகளை நிறுத்துப் பார்த்துத்தான் பேசினார்கள். ஒற்றை வசனத்தை வைத்துச் சூனியக் கதை கட்டுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

1838இல் கண்டியில் பிறந்து, 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பை, நம் பிள்ளைகள் பல மொழிகளையும் கற்க வேண்டும் என்று பாடுபட்டவர். இன்று பல வீடுகளில் பிள்ளை சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ படிக்கிறது. வீட்டில் தமிழ், ஓதுவது அரபி. குழம்புமே என்று அஞ்ச வேண்டாம். ஒரு சிறு ஸூராவை எடுத்து, ‘இந்த மா கேள்வியா, மறுப்பா?’ என்று கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பைப் பாருங்கள், ஆலிமாவிடம் கேளுங்கள். ஓதும்போது நீட்ட வேண்டிய மாவை நீட்டியே ஓதப் பழக்குங்கள்.

இன்னொன்றும் உண்டு, சகோதரிகளே! மாமியார் சொன்ன ஒரு வார்த்தை, அயல்வீட்டுக்காரி சொன்ன ஒரு வார்த்தை என்று நடுவிலிருந்து பிய்த்தெடுத்துச் சண்டை மூட்டுகிறோம். ஓரெழுத்துக்கே முன்னும் பின்னும் பார்த்துத்தான் பொருள் சொல்ல முடிகிறது. ஒருவர் பேச்சுக்குப் பொருள் சொல்லுமுன் அதே பொறுமை நமக்கு வேண்டாமா?