சீமைக் குளிரில் ஒரு கும்பகோணத்துப் பிள்ளை

பினாங்குத் துறைமுகத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ராஜூலா கப்பல் நினைவுக்கு வந்துவிடும். 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல் அது. அதற்கு முன்பும் எத்தனையோ கப்பல்கள் வந்தன. மூட்டை முடிச்சுகளோடு மேல்தளத்தில் படுத்து வந்தவர்கள், ஜெரஜாத் தீவில் நோய்த் தடுப்பு முகாமில் நாட்களைக் கழித்து, பிறகு ஒவ்வொரு தோட்டமாகப் பிரிந்து போனார்கள்.

நம்மவர் கிழக்கே வந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், அதே சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒருவர் மேற்கே புறப்பட்டார். நாள் 1914 மார்ச் 17. கப்பலின் பெயர் நெவாசா. அவருக்கு வயது இருபத்தாறு. தகப்பனார் கும்பகோணத்தில் புடவைக் கடைக் கணக்கர். மகனோ கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தோற்று, பட்டம் வாங்காமல் கல்லூரியை விட்டவர். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை பார்த்தவர். ஆமாம், கணித மேதை சீனிவாச இராமானுஜன்தான். அவருடைய கணிதத்தைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஊர் விட்டு ஊர் போன ஒரு மாணவராக அவரைப் பார்ப்போமே!

புறப்படுமுன் தாயாரையும் மனைவி ஜானகியையும் ரயிலேற்றிக் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். அதன் பிறகுதான் குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொண்டார்; காற்சட்டையும் பூட்சும் அணிந்தார். அந்தக் கோலத்தை வீட்டார் பார்க்க வேண்டாமென்று நினைத்திருக்கிறார். கடல் கடந்து போவது குலத்துக்கு ஆகாது என்றிருந்த காலம் அல்லவா?

ஏப்ரல் 14-ஆம் நாள் கப்பல் இலண்டன் சேர்ந்தது. அந்நாளில் உலகத்திலேயே பெரிய நகரம் அதுதான். சுமார் எழுபது இலட்சம் மக்கள். பூமிக்கடியில் ஓடும் ரயில். நல்ல வேளையாக, நெவில் என்ற கேம்பிரிட்ஜ் ஆசிரியர் மோட்டார் வண்டியோடு துறைமுகத்தில் காத்திருந்தார். இந்தியாவிலிருந்து வரும் மாணவர்கள் இறங்கும் விடுதி குரோம்வெல் சாலையில் இருந்தது. அங்கே நான்கு நாள் தங்கல். பிறகு கேம்பிரிட்ஜ் பயணம்.

போன புதிதில் அவர் ஊருக்கு எழுதிய கடிதங்களில் மாடமாளிகை வர்ணனையைத் தேடினால் ஏமாற்றம்தான். ஹார்டியும் நெவிலும் கர்வமில்லாதவர்கள், ஒத்தாசையாக இருக்கிறார்கள் என்றுதான் எழுதினார். ஊரை விட மனிதர்தான் அவர் கண்ணில் பட்டிருக்கிறார்கள். தோட்டத்தை விட்டு முதன்முதலாகப் பட்டணத்துக்குப் படிக்கப் போன பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்களும் கட்டடத்தைப் பற்றிச் சொல்லமாட்டார்கள். யார் சிரித்துப் பேசினார்கள் என்றுதான் சொல்வார்கள்.

அடுத்த கவலை சாப்பாடு. கல்லூரி உணவுக்கூடத்தில் அவர் சாப்பிடவில்லை. எந்தக் கொழுப்பில் பொரிக்கிறார்களோ என்ற சந்தேகம். அறையிலேயே அடுப்பு வைத்துத் தாமே சமைத்துக்கொண்டார். கொட்டை எடுத்த புளியும் நல்ல தேங்காயெண்ணெயும் அனுப்பி வைக்கும்படி நண்பருக்கு எழுதினார். பூட்ஸ் காலைக் கடித்ததால் அறைக்குள் செருப்புதான்.

ஆகஸ்டு மாதம் முதல் உலகப் போர் மூண்டது. தாயார் பயப்படுவாரே என்று ஒரு கடிதம் எழுதினார்: இந்த நாட்டில் சண்டை இல்லை, நம் ஊரிலிருந்து ரங்கூன் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில்தான் நடக்கிறது என்ற கருத்தில். பெற்ற மனத்தை ஆற்றத் தெரிந்த பிள்ளை! ஆனால் காய்கறியும் பாலும் கிடைப்பது நாளாக நாளாக அரிதானதைத் தடுக்க யாரால் முடியும்?

குளிர்தான் பெரிய சோதனை. கல்கத்தாவிலிருந்து வந்து அங்கே படித்த மகலனோபிஸ் (பிற்காலத்தில் புள்ளியியலில் பெரும் பெயர் பெற்றவர்) ஒரு குளிர்நாளில் அவர் அறைக்குப் போனார். இராமானுஜன் கணப்பருகே உட்கார்ந்திருந்தார். இரவில் குளிர் தெரியாமல் தூங்குகிறீர்களா என்று கேட்டதற்கு, மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டுதான் படுக்கிறேன் என்றார். நண்பர் படுக்கையைப் பார்த்தார். மேல்விரிப்பின் அடியில் கம்பளிகள் ஒழுங்காக மடித்துச் செருகியிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டுமென்று இராமானுஜனுக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. நண்பர் செய்து காட்டியபோது அவர் நெகிழ்ந்து போனாராம்.

இலண்டனுக்கோ மெல்பர்னுக்கோ, ஏன், கோலாலம்பூருக்கோ பிள்ளையை அனுப்பும் தாய்மார்கள் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்பதோடு ‘எப்படிப் படுக்கிறாய்’ என்றும் கேளுங்கள். கேட்க வெட்கப்படும் பிள்ளைகள் நம் வீடுகளில்தான் அதிகம்.

நம் பினாங்கிலிருந்தும் அந்தக் கேம்பிரிட்ஜுக்கு ஒருவர் இராமானுஜனுக்குப் பதினெட்டு ஆண்டு முன்பே போயிருக்கிறார். பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் மாணவர் வூ லியென் தே, 1896-இல் ராணி உபகாரச் சம்பளம் பெற்று மருத்துவம் படிக்கச் சென்றார். 1910-11-இல் மஞ்சூரியாவில் கொள்ளை நோய் பரவியபோது, துணியும் பஞ்சும் வைத்த முகக்கவசத்தைக் கட்டச் சொன்னவர் அவர்தான். ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டுப் போன அவருக்கு அந்த ஊர்ப் பழக்கம் ஓரளவு முன்பே தெரிந்திருக்கும். குமாஸ்தா நாற்காலியிலிருந்து நேரே போனவர் பாடு வேறு.

சென்னைப் பல்கலைக்கழகம் இராமானுஜனுக்கு ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்தது. அதில் 50 பவுன் வீட்டுக்கே போக ஏற்பாடு. வெளியூரில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பிய நம் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பணம் ஒழுங்காகப் போயிற்று. கடிதந்தான் போகவில்லை. கணவனும் மனைவியும் எழுதிக்கொண்ட கடிதங்களை மாமியார் கோமளத்தம்மாள் இடையில் தடுத்துவிட்டார். சீமையில் இருந்தவர், மனைவி எழுதவில்லை என்று நினைத்தார். ஊரில் இருந்தவளுக்கும் அதே வருத்தம்.

1917-இல் உடம்பு விழுந்தது. அடுத்தடுத்து மருத்துவமனைகள். 1918-இல் இராயல் சொசைட்டி உறுப்பினர் என்ற பெருமையும் அந்த நோய்க்கு நடுவில்தான் வந்தது. 1919 மார்ச்சு மாதம் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கியபோது தாயாரும் தம்பியும் வந்திருந்தார்கள். ஜானகி எங்கே என்று அவர் கேட்டார். ஜானகி பிறந்த வீட்டில் இருந்தார். செய்தி அறிந்து, அண்ணனோடு புறப்பட்டுச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். 1920 ஏப்ரல் 26 வரை, ஓராண்டுக்குச் சற்று மேல், பக்கத்திலிருந்து அவரைக் கவனித்துக்கொண்டது அந்த அம்மாள்தான்.