சிங்க் வெட்டிய துண்டில் ஆம்ப்ளிஃபயர் பெட்டி

சமையல் மேடை கிரானைட்டில் சிங்க் பதிக்க வெட்டும்போது நடுவிலிருந்து ஒரு துண்டு முழுசாக வரும். பல வீடுகளில் அது கொல்லைச் சுவரில் சாய்ந்து கிடக்கும். அதில் ஆம்ப்ளிஃபயர் பெட்டி செய்யலாம். ஆனால் ஆறு பக்கத்தையும் கல்லால் அடைத்துவிடக் கூடாது.

ஏனென்று விருத்தாசலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்குள்ள பீங்கான் சூளைகளில் பொம்மை, அகலோடு பியூஸ் கேரியரும் இன்சுலேட்டரும் வேகின்றன. மின்சாரத்தை அண்டவிடாததுதான் பீங்கானின் பெருமை. கிரானைட்டும் ஏறக்குறைய அந்த ஜாதிதான்; சூட்டையும் எளிதில் கடத்தாது. ஆம்ப்ளிஃபயருக்கு அதுவே வில்லங்கம்.

முதலில் சூடு. 4440 ஐசி போட்ட சின்ன போர்டோ, 5200–1943 டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட பெரிய போர்டோ, இழுக்கும் மின்சாரத்தில் கணிசமான பங்கு சூடாகத்தான் கழியும். அலுமினியம் கடத்தும் சூட்டில் ஐம்பதில் ஒரு பங்கைக்கூட கிரானைட் கடத்தாது. அதனால் பின்பக்கம் ஹீட் சிங்க்கையே சுவராக வைத்து, அதன் சிறகுகள் வெளியே செங்குத்தாக நிற்கும்படி பொருத்துங்கள். மேலே ஓட்டைத் தகடு போதும். அடிக்கும் இரு பக்கத்துக்கும் மட்டும் கல்.

அடுத்தது ஸ்பீக்கரில் வரும் ‘ம்ம்ம்’ இரைச்சல். இரும்புப் பெட்டி வெளி இரைச்சலை ஓரளவு மறிக்கும்; கல் மறிக்காது. உள்பக்கம் மெல்லிய அலுமினியத் தகடு ஒட்டி எர்த்தில் சேர்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்துக்கு இந்தத் தகடு பொருட்டே இல்லை. டிரான்ஸ்ஃபார்மரை இன்புட் வயரிலிருந்து எட்ட வைப்பதுதான் வழி.

கல் பெட்டிதானே, ஷாக் அடிக்காது என்று சிலர் மூன்றாவது பின்னை விட்டுவிடுகிறார்கள். அது ஆபத்து. கை படுவது கல்லில் மட்டுமா? வால்யூம் தண்டு, திருகு, ஹீட் சிங்க் எல்லாம் உலோகம். எல்லாவற்றுக்கும் எர்த் வேண்டும்.

18 மில்லிமீட்டர் கிரானைட் ஒரு சதுர அடி சுமார் நாலரை கிலோ. இந்தக் கனத்துக்கு அரால்டைட்டை மட்டும் நம்பாதீர்கள். மூலைகளில் அலுமினிய ஆங்கிளும் கொடுங்கள்.

வெட்டும் வேலையைக் கல் கடையிலேயே, தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லி முடித்துக்கொள்வது உத்தமம். கல் தூசியில் உள்ள சிலிகா நுரையீரலைக் கெடுக்கும். சிலிகா மிகுந்த செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளை ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் தடையே செய்துவிட்டது. துளைக்கு டைமண்ட் பிட். டிரில்லில் ஹேமர் போடவே கூடாது. விளிம்பை ஒட்டித் துளைத்தால் கல் பிளந்துவிடும். இரண்டு சென்டிமீட்டராவது உள்ளே தள்ளிப் போடுங்கள்.